பென்சிலில் போட்ட பன்னிரண்டு

மாதத்தின் முதல் வேலைநாளில் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்க மாட்டார்கள். கல்லூரி நூலகத்துக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் தொங்கும் பச்சைத் தகரப் பெட்டி. ‘சமவாய்ப்பு மையம் – புகார்ப் பெட்டி’ என்று எழுதியிருக்கும். சாதி, மதம், ஊர், உடல்குறை என்று எதன் பேரிலாவது ஒரு மாணவரையோ ஊழியரையோ யாரும் தாழ்த்தி நடத்தினால் அதில் எழுதிப் போடலாம். இரண்டு வருஷத்தில் விழுந்தவை பஸ் டிக்கெட்டுகள், மிட்டாய்த் தாள்கள், கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒரு கவிதை. கவிதை நன்றாகவே இருந்தது.

சாவி சஜிதாவிடம் இருந்தது. விலங்கியல் துறையில், சுயநிதிப் பிரிவில், எட்டு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்று வந்தபோது நிரந்தர வேலையில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் முதுகுவலி வந்துவிட்டது. முதல்வர் ஜெபதாஸ் இவள் பெயரைச் சொன்னார். ஏன் தன்னைச் சொன்னார் என்பது சஜிதாவுக்கு இன்றுவரை பயமாகவே இருந்தது.

அவளுடையது பழைய பயம். கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரிப்பவர்கள் இந்த மாவட்டத்தில் பிறக்காதவர்கள். இங்கே யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை, அவ்வளவு நாகரிகம். ‘வீடு எங்க?’ என்றுதான் கேட்பார்கள். ஊர்ப் பெயர் வாயிலிருந்து விழுந்தவுடன் மற்றதெல்லாம் அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். மணவாளக்குறிச்சி என்று சொன்னால் மட்டும் ‘ரோட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?’ என்று இன்னொரு கேள்வி வரும். கடற்கரைப் பக்கம் என்றால் ‘ஓ’ என்பார்கள். அந்த ‘ஓ’வைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் நீளம் தெரியும்.

சஜிதா குளச்சல் கடப்புறத்தில், கடலோர மீனவர் குடியிருப்பில், பிறந்தவள். அப்பா அல்போன்ஸ் முப்பத்தைந்து வருஷம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். கல்யாணம் செய்தது தக்கலைக்காரன் வினோஜை. அவன் கத்தாரில் இருக்கிறான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ‘வீடு எங்க மேடம்?’ என்று துறைத்தலைவர் குமாரதாஸ் கேட்டபோது ‘தக்கலை சார்’ என்றாள். பொய் இல்லை, மாமியார் வீடு அங்கேதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற எட்டு வருஷம் உழைக்க வேண்டியிருந்தது. பேச்சில் இருந்த இழுப்பை வெட்டினாள். சொந்த ஊர் மாதா கோயில் திருவிழாவுக்குக் கல்லூரியில் லீவு கேட்கவில்லை. ஆய்வகத்தில் மீனை எடுத்துத் தட்டில் வைத்தால், புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதுபோல நடித்துவிட்டுத்தான் பெயர் சொல்வாள். சாதிச் சான்றிதழ் அலுவலகக் கோப்பில் தூங்குகிறது. கோப்பில் இருப்பதை ஸ்டாஃப் ரூமில் யாரும் படிப்பதில்லை. முதல்வர் படித்திருப்பாரோ என்பதுதான் சந்தேகம்.

அந்த மாதம் முதல் வேலைநாள் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு. துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம், அரசுச் சம்பளம். எட்டு வருஷமாக அவள் காத்திருந்த இடம். தேர்வுக் குழுவில் குமாரதாஸ் இருக்கிறார். அவள் நடத்தும் மையத்தின் அறிக்கையையும் அன்று குழுவின் முன் வைப்பார்கள். ‘புகார் ஏதும் வரவில்லை’ என்ற வழக்கமான வரியை எழுதி, மாலை நான்கு மணிக்குள் பதிவேட்டை முதல்வர் மேஜையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

பெட்டியைத் திறக்கும்போது சாட்சிக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அது அலுவலக உதவியாளர் தங்கபாயின் வேலை. அவள் பெட்டியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

“மேடம், இன்னைக்கு என்னமோ கெடக்கு. சத்தம் வேற மாதிரி கேக்கு.”

உள்ளே பழுப்பு உறை ஒன்று, நன்றாக ஒட்டி, மேலே ‘ஒருங்கிணைப்பாளருக்கு’ என்று எழுதி. சஜிதா அதைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“புகாராக்கும்,” என்றாள் தங்கபாய், ரொம்ப நாள் வராத விருந்தாளி வந்துவிட்ட சந்தோஷத்தில். “எழுதிட்டுக் கூப்பிடுங்க, வந்து ஒப்புப் போடுதேன்.”

மையத்துக்கு என்று கொடுத்திருந்தது பழைய விளையாட்டுச் சாமான் அறை. காற்றுப்போன வாலிபால்களின் வாடை இன்னும் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உறையைக் கிழித்தாள்.

‘மதிப்பிற்குரிய மேடம், விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவிகள் ஜெமி (குளச்சல்), அபிதா (தக்கலை) எழுதுவது. எங்கள் துறையில் ரெக்கார்டு நோட்டுக்கு மதிப்பெண் போடும் குமாரதாஸ் சார் லேபிளில் உள்ள ஊரைப் பார்த்துத்தான் போடுகிறார். கடற்கரை ஊர் என்றால் இருபதுக்குப் பன்னிரண்டைத் தாண்டுவதில்லை. இரண்டு வருஷம் கவனித்தோம். அதனால் இந்த முறை எங்கள் இருவரின் லேபிளையும் மாற்றி ஒட்டிக் கொடுத்தோம். ஜெமி எழுதிய நோட்டு அபிதா பெயரில் போய்ப் பதினெட்டு வாங்கியது. அபிதா எழுதியது ஜெமி பெயரில் போய்ப் பன்னிரண்டு வாங்கியது. இரண்டும் ஆய்வக அலமாரியில் இருக்கின்றன. கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். லேபிள் மாற்றியது தப்பு என்றால் எங்களைத் தண்டியுங்கள். ஆனால் நோட்டைப் பாருங்கள்.’

சஜிதா இரண்டு தடவை படித்தாள். வெள்ளிக்கிழமை தன்னை எடைபோடப் போகிறவர் மேலேயே புகார், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவள் அவள். இந்தப் பிள்ளைகள் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

லேபிளில் ஊர் எப்படி வந்தது என்பது ஒரு கூத்து. கல்லூரிக் கூட்டுறவுக் கடையில் பஸ் பாஸ் விண்ணப்பத்துக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஒரே லேபிளைத்தான் அச்சடிப்பார்கள். பெயர், வகுப்பு, எண், ஊர். பஸ்ஸுக்கு ஊர் வேண்டும். தவளையின் இதயத்தை வரைந்த நோட்டுக்கு எதற்கு என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. மாணவர்களும் ஒழுங்காக நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கடிதத்தை மடித்தபோதுதான் அடுத்த பயம் வந்தது, முதல் பயத்தைவிடப் பெரிதாக. ரெக்கார்டு நோட்டுக்கு மதிப்பெண் போடுவது துறைத்தலைவரின் பொறுப்பு. கையெழுத்து அவருடையது. ஆனால் அறுபது நோட்டையும் அவரே திருத்துவதில்லை. பாதியைத் தூக்கி சஜிதாவின் மேஜையில் வைத்து ‘பென்சில்ல போட்டு வச்சிருங்க மேடம்’ என்பார். அவள் பென்சிலில் போடுவாள். அவர் அதன்மேல் பச்சை மையால் எழுதிக் கையெழுத்திடுவார். எல்லாத் துறையிலும் இதுதான் நடைமுறை. தற்காலிகங்கள் திருத்தும், நிரந்தரங்கள் கையெழுத்துப் போடும். மாணவர்களுக்குத் தெரிந்தது பச்சை மை மட்டும்.

அந்த இரண்டு நோட்டும் யாருடைய பாதியில் இருந்தன?

அவருடைய பாதியிலாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவர்தானே எல்லோரிடமும் ‘வீடு எங்க?’ என்று கேட்கிறவர்? அவராகத்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

ஸ்டாஃப் ரூமில் குமாரதாஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பவர்.

“வெள்ளிக்கிழமைக்கு ரெடி தானே மேடம்? ஒண்ணும் பயப்படாண்டாம். குழுவுல நாந்தானே இருக்கேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “பெட்டி தொறந்தியளாமே. வழக்கம்போல சாம்பாரு தானா?”

“ஒண்ணும் இல்ல சார்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. தங்கபாய் உறையைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். இந்நேரம் அலுவலகத்தில் மூன்று பேருக்காவது சொல்லியிருப்பாள். ஒரு நொடியில், கேட்காத கேள்விக்கெல்லாம் சேர்த்துப் பொய் சொல்லியாகிவிட்டது. குமாரதாஸ் சந்தோஷமாகத் தலையாட்டினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். சஜிதா தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் குழம்பினாள். சாத்தினால் சந்தேகம், சாத்தாவிட்டால் பார்த்துவிடுவார்கள். பாதி சாத்தினாள். ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. பாட்டில்களுக்குள் மீன்கள் வெளுத்துப்போய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வராந்தாவில் ஒரு செருப்புச் சத்தம் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். சத்தம் கடந்து போய்விட்டது.

மூன்றாம் தட்டில் நோட்டுகள் இருந்தன. ‘அபிதா, தக்கலை.’ ‘ஜெமி, குளச்சல்.’ இரண்டையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள்.

அபிதா பெயர் ஒட்டிய நோட்டைத் திறந்தாள். உள்ளே இருந்தது ஜெமியின் எழுத்து, வலப்பக்கம் சாய்ந்த சின்ன எழுத்து. மூன்று வருஷமாகப் பரீட்சைத் தாள்களில் பார்த்துப் பழகியது. ஓர் அயிலை மீனை வரைந்திருந்தாள். வயிற்றின் வளைவும் வாலுக்கு முன்னால் இருக்கும் குட்டித் துடுப்புகளும் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் போடுகிற மாதிரி இருந்தன. கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் பதினெட்டு. நோட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். மைக்கு அடியில், மை மூடாமல் விட்ட ஓரத்தில், பென்சில் கோடு மின்னியது. எட்டின் மேல்வட்டத்தை மூடாமல் விடுவது அவள் வழக்கம். மேல்வட்டம் மூடவில்லை.

மற்றதைத் திறக்க வேண்டாம் என்று தோன்றியது. திறந்தாள். அபிதாவின் எழுத்து, உருண்டையாக. படமும் மோசமில்லை. பச்சைப் பன்னிரண்டு. அதற்கு அடியில் பென்சில் பன்னிரண்டு, அதில் 2-இன் வால் நீண்டு கோட்டைத் தாண்டியது. அந்த வாலை அவளுக்குத் தெரியாதா?

இரண்டும் அவள் போட்டது. ஒரே இருப்பில், ஒரே பென்சிலால். கையெழுத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வருஷமாகத் தெரிந்த எழுத்து, பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். அட்டையைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள், அப்புறம்தான் படத்தைப் பார்த்தாள். அப்போதே உள்ளே ஓர் எண் தயாராகிவிட்டிருந்தது.

எங்கே ஆரம்பித்தது என்பதும் தெரியும். நான்கு வருஷம் முன்னால் ஸ்டெனி என்று ஒரு பையன், குளச்சல் பக்கம்தான். அவன் நோட்டுக்குப் பத்தொன்பது போட்டாள். தகுதியான பத்தொன்பது. குமாரதாஸ் மையால் எழுதும்போது சிரித்தார். “என்ன மேடம், கடப்புறத்துக்காரனுக்குப் பத்தொம்பதா? சொந்தக்காரனா?” விளையாட்டாகத்தான் கேட்டார். ஸ்டாஃப் ரூமே சிரித்தது, அவளும் சிரித்தாள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த முறை ஸ்டெனியின் நோட்டு வந்தபோது கை தானாகவே பன்னிரண்டுக்குப் போயிற்று. கடற்கரைப் பிள்ளைகளுக்குக் குறைத்துப் போட்டால் யாரும் சொந்தமா என்று கேட்பதில்லை. எம்.எஸ்சி. சேர்க்கைப் பட்டியலில் ஸ்டெனிக்கு இரண்டு மதிப்பெண் குறைந்து இடம் கிடைக்கவில்லை. அதை அவள் கேள்விப்பட்டாள். கேள்விப்படாததுபோல இருந்துவிட்டாள்.

இப்போது என்ன செய்வது? புகாரைக் கொடுத்தால் பழி குமாரதாஸ் மேல் விழும். அவர் சும்மா இருப்பாரா? ‘பென்சிலில் போட்டது இவள்’ என்பார், குழுவின் முன்னாலேயே சொல்வார். ஏன் போட்டாள் என்று கிளறினால் கோப்பு வெளியே வரும். கொடுக்காமல் விட்டால் தங்கபாய் இருக்கிறாள். ஆனால் நோட்டுகள் இல்லையென்றால்? கடிதம் வெறும் காகிதம்தானே. ஆய்வகத்தில் நோட்டு தொலைவது புதிதா என்ன? கரையான், மழைநீர், யார் எடுத்தார்களோ.

யோசித்து முடிப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. இரண்டு நோட்டும் அவள் தோள்பைக்குள் போயிருந்தன. ஜிப்பை இழுத்தாள்.

“மேடம்.”

பாதி சாத்திய கதவில் ஜெமி நின்றாள். அவளுக்குப் பின்னால் அபிதா. பையின் வாயில் ஒரு நோட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. ஜெமியின் கண் நேராக அதன்மேல்தான் இருந்தது.

“லெட்டரு பாத்தியளா மேடம்?”

“பார்த்தேன்.” பையை உடம்போடு சேர்த்துப் பிடித்தாள்.

“ஏட்டி அபிதா, நீ சாரு வாராராண்ணு பாத்துக்கோ,” என்றுவிட்டு ஜெமி கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். “நோட்ட எடுத்து வச்சிட்டியளா? நல்லதாப் போச்சு. எங்களுக்கு அதுதான் பேடியும் பயமும். சாருக்குத் தெரிஞ்சா எடுத்து மாத்திருவாருண்ணு காலத்தே பிடிச்சு இந்நேரம் வர இஞ்ச சுத்திச் சுத்தி வாறோம். உங்க கையில இருந்தா பத்திரம்.”

திருட்டுப் பையைப் பத்திரமான பை என்று அந்தப் பெண் நம்பிக்கொண்டிருந்தாள்.

“அப்பா வேண்டாம்ணு தான் சொன்னாரு மேடம். பொல்லாப்பு, டி.சி. குடுத்து விட்டிருவாவ, கடைசி வருசத்துல உனக்கு எதுக்குண்ணு. ராத்திரி ஒறக்கம் இல்ல எனக்கு. பொறவு நாந்தான் சொன்னேன், பெட்டிக்க சாவி சஜிதா மேடத்துக்க கையில இருக்கு, பேடிக்காண்டாம்ணு. அப்பமே அப்பாவும் செரிண்ணு சொல்லிட்டாரு.”

இருபது வயசுப் பெண். விரல் நகங்களைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. இவளும் பயந்துதான் இருக்கிறாள், எனக்குக் குறையாமல், என்று சஜிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பயந்துகொண்டே எழுதிப் போட்டிருக்கிறாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

“ஜெமி, அந்த மார்க்கு சார் போட்டது இல்லை.”

“சாருக்க சைன் தானே மேடம்?”

“சைன் அவருது. பென்சில்ல முதல்ல நான் போடுவேன். அவர் அதுக்கு மேல எழுதுவார்.” பையைத் திறந்து நோட்டை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். “பார். இது என் எழுத்து.”

வாசலில் நின்ற அபிதா திரும்பிப் பார்த்தாள். ஜெமி பன்னிரண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“எதுக்கு மேடம்?”

புத்தகத் தமிழில் பதில் தேடினாள். கிடைக்கவில்லை. எட்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த பேச்சு வந்தது, அதன் இழுப்போடு, அம்மாவின் வாயிலிருந்து வருவதுபோல.

“பேடி மக்கா. வேற ஒண்ணும் இல்ல. உங்களுக்குக் கூட்டிப் போட்டா எனக்க ஊரு எதுண்ணு கேப்பாவண்ணு பேடி. நானும் கடப்புறத்துக்காரி தான். இஞ்ச ஆருக்கும் தெரியப்பிடாதுண்ணு இத்தன நாளு—”

“அது தெரியும் மேடம்.”

“என்ன தெரியும்?”

“நீங்க நம்ம அல்போன்ஸ் மாமாவுக்க மவளுண்ணு. எங்க அப்பாவும் மாமாவும் ஒரே வள்ளத்துல தானே போனாவ. காலேஜுல சேந்த அண்ணைக்கே அப்பா சொல்லிட்டாரு. கிளாசுல நீங்க தக்கலைண்ணு சொன்னிய. செரி, மேடத்துக்கு இஷ்டம் இல்லபோலண்ணு நாங்க ஒருத்தரும் வாயத் தெறக்கல்ல.” ஜெமி மூக்கை உறிஞ்சினாள். “கடப்புறத்துப் பிள்ளைய பதினாலு பேரு இருக்கோம். எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழம இன்டர்வியூ முடியது வர ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்லப்பிடாதுண்ணு பேசி வச்சிருக்கோம். நம்ம ஆளு ஒருத்தரு இருக்காவல்லா, அதனால தான் உங்க பெட்டியில போட்டது.”

சஜிதா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். எந்த வார்த்தை வெளியே தெரியக்கூடாது என்று பதினாலு பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைத்தாளோ, அதே வார்த்தையை அந்தப் பதினாலு பேரும் அவளுக்காக மூன்று வருஷம் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். பன்னிரண்டு வாங்கிக்கொண்டே காப்பாற்றியிருக்கிறார்கள். வெட்கம் என்பது இவ்வளவு எரியும் என்று அவளுக்குத் தெரியாது.

“அப்போ ஸ்டெனி அண்ணனுக்க மார்க்கு?”

சஜிதா நோட்டை மூடி மடியில் வைத்தாள்.

“அதுவும் நீங்களா?”

“ஆமா.”

“ரெண்டு மார்க்கு மேடம்,” என்றாள் ஜெமி. அழவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். “அண்ணன் இப்ப மீன்பிடிக்கப் போட்டுல போறான். படிப்புண்ணு சொன்னா எழும்பிப் போயிருவான். ரெக்கார்டு நோட்ட மட்டும் தூரப் போடாம டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சிருக்கான். அவனுக்க அம்ம கண்டு எனக்கிட்ட காட்டினாவ.”

அபிதா உள்ளே வந்து ஜெமியின் கையைப் பிடித்தாள். “வா ஏட்டி. போவம்.”

பரவாயில்லை என்று ஜெமி சொல்வாள் என்று சஜிதாவின் மனசு ஒரு நிமிஷம் அற்பமாக எதிர்பார்த்தது. வராந்தாவில் இரண்டு ஜோடிச் செருப்புகளின் சத்தம் தேய்ந்தது.

மதிய வகுப்பை முடித்துவிட்டு விளையாட்டுச் சாமான் அறைக்குத் திரும்பியபோது மணி மூன்றேகால். பதிவேட்டை விரித்தாள். ஐந்து கட்டங்கள்: நாள், புகார் கொடுத்தவர், யார் மீது, விவரம், செய்ய வேண்டியது. இருபத்துமூன்று வரிகளில் ‘ஏதும் வரவில்லை’ என்று அவளுடைய எழுத்தே அடுக்கி நின்றது. இருபத்துநான்காவதில் பேனாவை வைத்தாள், எடுத்தாள். யாருக்கும் தெரியாமல் இன்னும் தப்பலாம். பிள்ளைகள் சொன்னாலும் யார் நம்புவார்கள்? வினோஜிடம் போனில் கேட்கலாமா? ‘வெள்ளிக்கிழமை வர பொறு’ என்றுதான் சொல்வான். அப்பாவிடம் கேட்டால்? அப்பாவிடம் எதைச் சொல்லி ஆரம்பிப்பது? மகள் தன் ஊரை மறைத்ததையா, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்ததையா?

பயம் போகவில்லை. போன பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் நான்கு மணி ஆகிவிடும் என்பது மட்டும் தெரிந்தது. எழுதினாள்.

மூன்றே முக்காலுக்குத் தங்கபாய் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டிப் படித்தாள். மூன்றாவது கட்டத்தில் விரல் நின்றது.

“மேடம், லெட்டருல சாருக்க பேரு தானே? இஞ்ச உங்க பேரும் கெடக்கு. முதல்ல கெடக்கு.”

“லெட்டர்ல சார் பேருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“லெட்டரு இஞ்ச விரிஞ்சு கெடக்குல்லா,” என்று தங்கபாய் ஒரு கணம் நெளிந்தாள். “செரி, இது மாறிப் போச்சா?”

“மாறல்ல தங்கபாய். செரியாத்தான் எழுதியிருக்கு.”

தங்கபாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சொன்ன விஷயத்தைவிடச் சொன்ன பேச்சு அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுத்துக்கூட்டிப் போட்டாள்.

முதல்வர் அறைக்கு முப்பது அடிகூட இருக்காது. போய்ச் சேர்வதற்குள் சேலை முதுகோடு ஒட்டிவிட்டது. திரைச்சீலையை விலக்கினால் குமாரதாஸும் உள்ளே உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமைக்கான நாற்காலிகளை எப்படிப் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க மேடம்,” என்றார் ஜெபதாஸ். “ஒண்ணும் வரல்லண்ணு சார் சொன்னாரு. வச்சிட்டுப் போங்க.”

“வந்திருக்கு சார். காலையில நான் சாருகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

பதிவேட்டையும் கடிதத்தையும் இரண்டு நோட்டையும் மேஜையில் வைத்தாள். முதல்வர் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் குமாரதாஸ் எட்டிப் பார்த்துவிட்டார். செய்ய வேண்டியது என்ற கட்டத்தை வாய்விட்டே படித்தார்: “நான்கு வருட ரெக்கார்டு மதிப்பெண்களை, லேபிள் இல்லாமல், வெளியாள் ஒருவரைக் கொண்டு திரும்பத் திருத்த வேண்டும். பென்சிலில் போட்டவரையும் மையில் எழுதியவரையும் விசாரிக்க வேண்டும்.” அவர் முகம் வெளுத்துப்போனது. அந்தப் பயத்தை சஜிதாவுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. எட்டு வருஷமாகத் தினமும் கண்ணாடியில் பார்த்தது.

“யாரு மேடம் இந்த ஜெமி?” என்றார் குமாரதாஸ். பிறகு, கேட்டுப் பழகிய வாய் அதுவாகவே கேட்டது: “அவளுக்கு வீடு எங்க?”

சஜிதா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“கொளச்சல் சார். கடப்புறம். எனக்க வீடும் அங்க தான்.”

குமாரதாஸ் ‘ஓ’ என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. ஜெபதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் கட்டத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.